பால் கொடுக்கையில் இறங்கிய சர்க்கரை

பன்னிரண்டு வயதில் எனக்குச் சர்க்கரை நோய் வந்தது. கல்யாணம் பேசும்போது என் நைனா அதை மறைக்கவில்லை. பெண் தினம் நாலு வேளை இன்சுலின் போட்டுக்கொள்வாள் என்று சொல்லித்தான் பொதட்டூர்பேட்டையில் கட்டிக் கொடுத்தார். மாமியார் சரி என்று மட்டும் சொன்னார். சர்க்கரை நோய் என்றால் இனிப்பைத் தொடக்கூடாது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

குழந்தையைத் திருத்தணியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண், நாலு கிலோ. பார்க்க வந்தவர்கள் கொழுகொழுவென்று இருப்பதாகச் சந்தோஷப்பட்டார்கள். அந்த எடைக்கு என் சர்க்கரை காரணம் என்பது டாக்டருக்கும் எனக்கும் தெரியும். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் அவள் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்.

"பாப்பாவுக்குச் சக்கரை கம்மியா கீதும்மா. பால் உள்ள போவணும்."

எனக்குப் பால் ஊறவில்லை. நர்ஸ் மார்பை அழுத்திப் பிழிந்து பாலாடையில் சேர்த்த சீம்பால் அரை ஸ்பூன்கூட இல்லை. மீதிக்குப் பவுடர் பால் புகட்டினார்கள். மூன்று முறை குத்திப் பார்த்தபின் அளவு சரியானது. ஒவ்வொரு முறையும் குழந்தை வீறிட்டது. என்னை நானே குத்திப் பழகியவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. அப்படிப் படாமல் போனதற்காகப் பின்னால் வெட்கப்பட்டேன்.

நாலாம் நாள் பால் வந்தது. டாக்டர் இன்சுலினைப் பாதியாகக் குறைத்தார். "பால் குடுத்தா சக்கரை எறங்கும். முன்னாடியே ஏதாவது சாப்பிட்டுக்கோ" என்றார். அதை வீட்டில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

என் அம்மா உயிரோடு இல்லாததால் மாமியார் வீட்டுக்கே திரும்பினேன். பதினேழாம் நாள் மதியம், ஊசி போட்டுக்கொண்டு இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் குழந்தை அழுதது. தட்டை வைத்துவிட்டு எடுத்துப் பால் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கழுத்தெல்லாம் வியர்த்தது. குழந்தையின் முகம் இரண்டாகத் தெரிந்தது. கை நடுங்க, அவளை முதலில் பாயில் கிடத்தினேன். கூப்பிட்டேன். பக்கத்துக் கொட்டகையில் எங்கள் பவர்லூம் தறிகள் நாலும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே வேலையாக இருந்த கணவருக்கும் மாமியாருக்கும் கேட்கவில்லை.

சுவரைப் பிடித்துச் சமையலறைக்குப் போனேன். தையல் போட்ட இடம் இழுத்தது. சர்க்கரை டப்பா அலமாரியில் இல்லை. சாமி படத்துக்கு முன்னால், காலையில் மாமியார் திருத்தணி மலைக்கோயிலிலிருந்து கொண்டுவந்த பஞ்சாமிர்த டப்பா இருந்தது. தரையில் உட்கார்ந்து விரலால் வழித்துத் தின்றேன். குழந்தை அழுகிற சத்தம் வெகு தூரத்தில் கேட்டது.

தண்ணீர் குடிக்க வந்த மாமியார் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா பண்றே? சக்கரைக்காரி இத்த துன்னலாமா?"

நாக்கு குழறியது. விரலை நீட்டிக் காட்டினேன். நான் தினமும் செய்வதைப் பார்த்திருந்ததால் சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்துவந்தார். என் விரலைத் துடைத்து அவரே குத்தினார்.

"நாப்பத்தெட்டுனு காட்டுது. நல்லதா, கெட்டதா?"

"கெட்டது அத்த. எழுபதுக்குக் கீழ போகக்கூடாது. சக்கரை டப்பா எங்க?"

"பீரோவுல வெச்சிட்டேன். நீ துன்னுடுவியோன்னு." மெஷினைக் கீழே வைத்தார். "ஏறக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. எறங்கும்னு எங்கிட்ட யாரும் சொல்லலியே."

கோபமாகப் பேச வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான்.

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினோம். தொண்ணூறு. "இப்ப குடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் குழந்தையை என் மடியில் வைத்தார். அன்று நான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

அதன்பிறகு குழந்தை சிணுங்கினாலே தறியை விட்டுவிட்டு வருவார். "இன்னா காட்டுது?" என்பார். இட்லியோ வாழைப்பழமோ என் கையில் இருக்கிறதா என்று பார்ப்பார்.

குழந்தையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள், "இவ பாலைக் குடிச்சா கொழந்தைக்கும் சக்கரை வந்துடாதா?" என்று கேட்டாள்.

"பால்ல வராது. டாக்டரே சொன்னாங்க" என்றார் மாமியார்.

டாக்டரிடம் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. நான் சொன்னதைத்தான் சொன்னார். பதினான்கு மாதம் பால் கொடுத்தேன்.