டப்பாவில் வந்த சாப்பாடு

விஜயநகர் ஜிம்மை விட்டுத் துணிப்பையோடு நடந்தேன். "ஹோகோ மெண்டல்!" என்று முதலாளி பின்னாலிருந்து கத்தினார். ஹோகோ என்றால் கன்னடத்தில் 'போடா'.

அங்கே தரை துடைத்து, எடைகளை அடுக்குவது என் வேலை. சாப்பாட்டுக்குப் பதிலாக, விற்காமல் தேங்கிய அமினோ பவுடரைக் கொடுத்தார். "சோத்துல என்னடா இருக்கு? இதைக் குடி, இரும்பாயிடுவே." சோற்றை விட்டேன். சில வாரங்களில் தூக்கம் போனது; காரணமில்லாமல் அழுகை வந்தது. அன்று ஒரு வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்ததும் துரத்திவிட்டார்.

எனக்கே பயம் வந்துவிட்டது. வழியில் இருந்த அரசு மருத்துவமனைக்குள் நுழைந்தேன். எல்லாவற்றையும் சொல்லி, பையிலிருந்த பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மூணே மூணு அமினோ அமிலம்தான் இருக்கு. மனசு நிதானமா இருக்க வேற ஒரு அமினோ அமிலம் வேணும். மூளைக்குள்ள போக எல்லாத்துக்கும் ஒரே வாசல். இதுங்க முண்டியடிச்சா அது வெளியவே நின்னுடும். பட்டினி வேற. இது மட்டுமே காரணம்னு சொல்லமாட்டேன். முதல்ல சோறும் பருப்பும் சாப்பிடுங்க, அடுத்த வாரம் வாங்க."

"அப்போ நான் மெண்டல் இல்லையா மேடம்?"

"மனசுக்கு நோவு வந்தாலும் அது திட்டுற வார்த்தை இல்லப்பா."

திரும்பிப் போய் டப்பாவை முதலாளியின் மேசையில் வைத்தேன். "நீங்க குடிங்க சார். சோறு தின்னாம."

கொடுப்பதை வாங்கிக்கொள்வதுதான் பிழைப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். மறுநாள் காலை தேவராஜ மொஹல்லாவில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். "முதல்ல ஒரு தட்டு சோறு போடுங்க, அப்புறம் கழுவுறேன்" என்றேன். மெஸ்காரர் முறைத்தார். நான் அசையவில்லை. சோறு வந்தது.