ஒற்றைச் செருப்புக்கு ஆறாவது அர்த்தம்

சலவைக்கடையில் இஸ்திரி போடுபவருக்கு வயது நாற்பத்தாறு. எல்லோரும் அவரை 'பொழிப்புரை' என்றுதான் கூப்பிடுவார்கள். வானொலியில் அவருக்குப் பிடித்த ஒரு நாட்டுப்புறப் பாடகியின் பாட்டு வந்துவிட்டால் போதும், இஸ்திரிப்பெட்டியைப் பிடித்தபடியே விளக்கம் தொடங்கிவிடும். விளக்கம் நீண்டால் காலர் கருகும். ஆழமான பாட்டு என்றால் இரண்டு காலர்.

'வாசல்ல கெடக்குது ஒத்தச் செருப்பு, வழியில எங்கேயோ நீ' என்ற ஓர் அடிக்கு மட்டும் ஐந்து அர்த்தம் வைத்திருந்தார். உயிர் ஒரு காலை வெளியே வைத்துக் காத்திருக்கிறது என்பது முதலாவது. ஐந்தாவதுதான் அவருக்குப் பிரியமானது: பாதி மனதை விட்டுவிட்டுப் போனவர் கட்டாயம் திரும்பி வருவார். இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரே பொத்தான் தைக்கும் பெண்ணையே பார்ப்பார். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள மூன்று வருடமாக ஆசை. நேராகக் கேட்க வாய் வரவில்லை. பாட்டைத் தூது விட்டிருந்தார்.

ஒருநாள் அந்தப் பாடகியின் மேடை உடைகளே கடைக்கு வந்தன. வியாழக்கிழமை தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

"அவங்களையே கேட்டுடலாம்," என்றாள் பொத்தான்காரி. "உங்க அஞ்சாவது அர்த்தம் சரின்னா நீங்க சொல்றதை நான் கேக்கறேன். தப்புன்னா நான் சொல்றதை நீங்க கேக்கணும்."

பொழிப்புரைக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் ஒரு காலர்கூடக் கருகவில்லை, கடைக்காரம்மா பயந்துபோனார்.

வியாழக்கிழமை வந்த பாடகியிடம் அந்த அடிக்கு அர்த்தம் கேட்டார்கள். அவர் உடைகளை உதறிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "அதுவா? இன்னொரு செருப்பை நாய் தூக்கிட்டுப் போயிடுச்சுப்பா. அதைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள அந்த மனுஷன் வண்டியேறிட்டான்."

"நாயா?"

"கறுப்பு நாய்."

கடைக்காரம்மா துணிமூட்டைமேல் சாய்ந்து சிரித்தார். பொழிப்புரை பெட்டியைச் சட்டைமேலேயே விட்டுவிட்டு நின்றார்.

"தோத்துட்டீங்க," என்றாள் பொத்தான்காரி. "முதல்ல அங்க பாருங்க, புகையுது."

"சரி, சொல்லு. இனிமே வாயைத் திறக்கக் கூடாது, அதானே?"

"ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வீட்டுக்கு வாங்க. கேக்க வேண்டியதை நேரா கேளுங்க. நடுவுல பாட்டு வரக்கூடாது."

போனார். நாலே வாக்கியத்தில் கேட்டு முடித்தார். "இதுக்கா மூணு வருஷம்? தேதியைப் பாருங்க," என்றார் அண்ணன்.

வெளியே வந்தால் வாசலில் அவருடைய செருப்பு ஒன்றுதான் கிடந்தது. அந்த வீட்டில் நாய் கிடையாது. ஜன்னலுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பொழிப்புரை நொண்டியடித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யாருக்கும் அவர் விளக்கியதில்லை.