இருமல் சேரின் பாடத்தை விற்றவன்

சுஹைராவின் வாப்பாவுக்கு நான் முந்நூறு ரூபா கடன்பட்டிருந்தேன். எழுபத்தெட்டாம் ஆண்டு. கிண்ணியாத் துறையடியில் என்னிடம் ஒரு பழைய சைக்கிளும் ஒரு மரப்பெட்டியும்தான் இருந்தன, மீனில் போட ஐஸ் வாங்கக் காசில்லை. அவள் வாப்பா முஹம்மது தம்பி நானாதான் மடியை அவிழ்த்து எடுத்துத் தந்தார். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. எட்டு மாதத்தில் முழுதையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கு எனக்கு மூன்று ஐஸ் வாடி, நாலு குளிர் லொறி. படித்தது நாலாம் வகுப்பு. கொழும்பில் இருந்து வருகிற கணக்குப் பிள்ளைகள் என் வாய்க்கணக்கைக் கேட்டுவிட்டுத் தங்கள் மெஷினை மூடி வைப்பார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் இது கலீலுர் றஹ்மான் ஹாஜியார் என்கிற என் கதை இல்லை, சுஹைராவின் கதை. அவளைப் பற்றி ஊரில் ஒரு அழுக்குக் கதை கொஞ்ச நாள் ஓடித் திரிந்தது. அதை ஓட விட்ட வாய்கள் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சுனாமி வந்த மாதத்தில்தான் அவள் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். விஞ்ஞானத்தில் நல்ல புள்ளியோடு சித்தி வந்தது, வீடு போயிருந்தது. படிப்பு அத்தோடு சரி. தையல் மெஷினில் இருந்தவள் இன்னும் எழும்பவில்லை. கணவன் அன்ஸார் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். காசு ஒரு மாதம் வரும், ஒரு மாதம் கதை மட்டும் வரும். ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் இவள்தான் தைக்கிறாள். இவள் மகள் நுஸ்ரத்துக்கு மட்டும் அந்தச் சட்டை தேவையில்லாமல் போனது.

நுஸ்ரத்துக்குப் பதினொரு வயது, வலிப்பு. வகுப்பில் இரண்டு தரம் விழுந்தாள். மூன்றாம் தரம் விழுந்ததும் அதிபர் தாயைக் கூப்பிட்டு, "மற்றப் பிள்ளைகள் பயப்படுதுகள். பேர் இடாப்பில இருக்கட்டும், பிள்ளை வீட்டில இருக்கட்டும். சுகமான பிறகு கூட்டி வாங்க" என்றார். வைத்தியர் கொடுத்த கடிதத்தை அவர் வாசிக்கவும் இல்லை. சுகமான பிறகாம்! தடிமன் காய்ச்சலா அது? பள்ளிக்கூடம் நடத்துகிறார்களா, பழுதில்லாத சாமான் மட்டும் எடுக்கிற கடை நடத்துகிறார்களா? நான் லொறியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். சுஹைராதான் கேற்றடியில் மறித்தாள்.

"மாமா, நீங்க சண்டை பிடிச்சு உள்ள விட்டாலும், விழுந்தா அவளை ஆரு தூக்குறது? பயந்த ஆக்களோ? நானே படிப்பிக்கிறன்."

தமிழ், கணக்கு, சமயம் எல்லாம் சமாளித்தாள். விஞ்ஞானம்தான் மறித்தது. அரசாங்கப் பாடப் புத்தகம் இணையத்தில் சும்மா கிடக்கிறது, அதை முதலில் எடுத்தாள். புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் "செய்து பார்ப்போம்". எதை வைத்துச் செய்து பார்க்கிறது? அடுப்படியில் நுணுக்குக்காட்டியா இருக்கிறது?

பிறகு தேடத் தொடங்கினாள். கையில் ஒரு உடைந்த போன், ஒரு டேட்டா காட். பொத்தான் கட்டி முடித்த நேரமெல்லாம் தேடினாள். ஒரு தடித்த கொப்பியில் கோடு போட்டு எழுதினாள்: என்ன பாடம், காசு கேட்கிறதா, வீட்டுச் சாமானால் செய்ய முடியுமா. ஏழு நாள் இலவசம் என்று கூப்பிட்டு எட்டாம் நாள் வங்கி அட்டை நம்பர் கேட்டவர்களையெல்லாம் சிவப்பால் வெட்டினாள். இந்தியத் தளங்களில் ஒளிச்சேர்க்கை என்று இருக்கும், எங்கள் புத்தகத்தில் ஒளித்தொகுப்பு என்று இருக்கும். பிள்ளை குழம்பாமல் இருக்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தாள். ஆங்கிலத்தில் இருந்ததைச் சொல்லுக்குச் சொல் பார்த்துத் தமிழில் எழுதினாள். நாலு மாதத்தில் கொப்பி நிரம்பிவிட்டது.

அந்தக் கொப்பியில் அதிகம் இருந்தது ஒரே ஒருவரின் பாடங்கள். மலைநாட்டுப் பக்கம் ஓய்வு பெற்ற வாத்தியாராம். தன் குசினியில் நின்று முட்டை, எலுமிச்சை, போத்தல் மூடி வைத்துப் படிப்பித்துப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறார். காசே கேட்பதில்லை. முகம் பெரிதாகக் காட்ட மாட்டார், ஆனால் பாடத்துக்கு மூன்று தரம் இருமுவார். வாத்தியாரை நாங்கள் சேர் என்போம், நுஸ்ரத் அவருக்கு இருமல் சேர் என்று பெயர் வைத்தாள்.

பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிற தாய்மார் இன்னும் ஐந்து பேர் சேர்ந்தார்கள். காது கேளாத பிள்ளை, இருதயத்தில் ஒப்பரேசன் செய்த பிள்ளை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம். சனிக்கிழமை தோறும் என் ஐஸ் வாடிக் கொட்டிலில் ஆறு பிள்ளைகளும் கூடுவார்கள். இடமும் நான்தான் கொடுத்தேன், உடைந்த ஐஸும் நான்தான் கொடுத்தேன். ஒரு நாள் ஐஸில் உப்புப் போட்டு அளந்து கொண்டிருந்தார்கள்.

"ஹாஜியார், உப்புப் போட்டா ஏன் குளிர் கூடுது?" என்று கேட்டாள் நுஸ்ரத்.

"நாப்பது வருசமாப் போடுறன். ஏன் எண்டு கேட்டுக் கொண்டு நிண்டா மீன் நாறிப் போகும்."

பிள்ளைகள் சிரித்தன. அடுத்த சனிக்கிழமை அவள் காரணத்தைப் படித்துக்கொண்டு வந்து எனக்கே சொன்னாள். வலிப்பு என்று வீட்டுக்கு அனுப்பின பிள்ளை!

இவ்வளவு நன்றாக நடந்ததைக் கெடுத்தவன் நான். என் மேல்தான் எனக்கு முதல் கோபம். மீன் வியாபாரியின் புத்தி அது. கரையில் காலையில் காசுக்கு விற்கிற மீன்தான் மீன். பொழுதுபடச் சும்மா கொடுக்கிறது செவுள் வெளுத்த மீன். நாற்பது வருடத்துக்கு மேல் அப்படிப் பார்த்த கண், இந்தக் கொப்பியையும் அப்படியே பார்த்தது.

"சும்மா கிடைக்கிறதில என்னடி சத்து இருக்கும்? காசு குடுத்துத் தரமானதை எடு" என்றேன்.

"பார்த்துப் பார்த்துத்தான் எழுதினனான், மாமா."

"நீ பார்த்தனீ. படிச்ச ஆக்கள் பார்த்தவங்களோ?"

அவள் கொப்பியை மூடிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

டவுனில் மாடியில் ரியூசன் நடத்துகிற இன்பாஸை நான்தான் பிடித்தேன். கழுத்துப் பட்டி, வாசனை, ஆங்கிலம். வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கென்றே தான் தயாரித்த ஆறாம் ஆண்டு விஞ்ஞானம் முழுதும் பென்ட்ரைவில் தருவானாம், ஒன்று பன்னிரண்டாயிரம், காசு முதலில். தாய்மார் தயங்கினார்கள். நான் நெஞ்சில் கை வைத்து, "என்ட பொறுப்பு" என்றேன். எங்கள் கரையில் அந்தச் சொல்லை நம்பி லட்சக் கணக்கில் மீன் கைமாறும். அவர்களும் நம்பினார்கள். ஆறு பேரின் எழுபத்திரண்டாயிரத்தையும் சுஹைரா சேர்த்து, இன்பாஸின் மேசையில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இரண்டு கிழமை கழித்துப் பென்ட்ரைவ் வந்தது. நுஸ்ரத் முதல் பாடத்தைப் போட்டாள். மூலையில் இன்பாஸின் படம், கீழே இன்பாஸின் பெயரும் போன் நம்பரும். குரல் மட்டும் வேறு. ஐந்தாவது நிமிடத்தில் ஒரு இருமல்.

"உம்மா, இது இருமல் சேர்!"

மற்ற இருமல்களை வெட்டினவன் அதை வெட்ட மறந்துவிட்டான். சுஹைரா தையலை வைத்துவிட்டு நாள் முழுக்கக் கொப்பியையும் பென்ட்ரைவையும் ஒப்பிட்டாள். முப்பத்திரண்டு பாடத்தில் முப்பத்தொன்று அவள் கொப்பியிலேயே இருந்தது. மிச்சம் ஒன்று, அரசாங்கப் புத்தகத்தின் பக்கங்களில் அவன் முத்திரை குத்தினது. அவள் சும்மா கண்டுபிடித்ததை அவளுக்கே பன்னிரண்டாயிரத்துக்கு விற்றிருக்கிறான்!

அவள் அதை மறைக்கவில்லை. உடனே ஐந்து தாய்மாருக்கும் சொன்னாள். அதுதான் வினையாகப் போனது. பல்கீஸ் என்பவள் எல்லாருக்கும் முன்னால் கேட்டாள்:

"இதெல்லாம் உங்கட கொப்பியில முதலே இருந்ததுதானே, சுஹைரா? தெரிஞ்சுகொண்டுதானே எங்களிட்டக் காசு சேர்த்தீங்க? ஹாஜியாருக்குப் பாதி, உங்களுக்குப் பாதியோ?"

அடுத்த சனிக்கிழமை கொட்டிலுக்குச் சாம்பல்தீவில் இருந்து தர்சிகா மட்டும் மகனோடு வந்தாள். நாலு பாய் வெறுமையாய்க் கிடந்தது. பள்ளிக்கூடம் ஒரு தரம் தள்ளி வைத்த பிள்ளை, இப்போது இந்தக் கூட்டமும் கலைந்தால் மறுபடியும் சுவரோடுதான் கதைக்க வேண்டும். நுஸ்ரத் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

நான் அலுமாரியைத் திறந்து ஒரு லட்சம் எடுத்தேன். "இந்தா. எல்லாருக்கும் குடுத்துப்போட்டு மிச்சத்தை வை. எனக்கு இது ஒரு நாள் ஐஸ் காசு."

"வேணாம், மாமா."

"ஏன்? என்ட பொறுப்பு எண்டு சொன்னவன் நான்."

"உங்கட காசைக் குடுத்தா, நாங்க ரெண்டு பேரும் எடுத்ததைத்தான் திருப்பிக் குடுக்கிறம் எண்டு ஆகும். வாங்கினவன்தான் தர வேணும். அதை அவங்களும் பார்க்க வேணும்."

நாலாம் வகுப்பு மூளைக்கு அது அப்போதுதான் உறைத்தது. எங்கள் கரையின் முறையும் அதுதான். பழுதான மீனை விற்றவன் விற்ற இடத்திலேயே, பார்த்த ஆட்களுக்கு முன்னால், காசைத் திருப்பி எண்ணி வைக்க வேண்டும். வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கொடுத்தால் செல்லாது. எனக்குத் தெரிந்த முறையை எனக்கே அவள் சொல்லித் தர வேண்டியதாய்ப் போனது.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை ஆறு தாய்மாரையும் லொறியில் ஏற்றினேன். பல்கீஸை நானே போய்க் கூப்பிட்டேன். "பாதி வாங்கினவன் வந்திருக்கிறன், ஏறு" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாள்.

மாடியில் புது வகுப்புக்குப் பேர் பதிகிற நாள். தாய் தகப்பன்மார் காசோடு வரிசையில் நின்றார்கள்.

"ஹாஜியார்! வாங்க, வாங்க. கதிரை ஒண்டு போடுங்க" என்று எழும்பினான் இன்பாஸ்.

"இருக்க வரல்ல. சாமான் பழுது."

சுஹைரா ஆறு பென்ட்ரைவையும் மேசையில் வரிசையாக வைத்தாள். "இந்தப் பாடம் இணையத்தில இலவசமா இருக்கு, சேர். எங்கட காசைத் தாங்க."

அவன் சிரித்தான். அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் கதைத்தான். "ஹாஜியார், நீங்க வியாபாரி. கடல் சும்மாதானே கிடக்கு? நீங்க ஏன் மீனுக்குக் காசு வாங்குறீங்க? தேடி, பிடிச்சு, கொண்டு வந்து தாறதுக்கு. நானும் அதைத்தான் செய்தனான்."

அவன் சொன்னது என் வாயில் வருகிற கதைதான். அந்தக் கோபத்தில் கை தானாகவே மேலே போனது. சுஹைரா என் முன்னால் வந்து நின்றாள்.

"கடலில நீங்க பிடிச்ச மீனுக்குக் காசு கேளுங்க, சேர். இது ஒரு வயசான மனுசன் பிடிச்சு, துப்பரவாக்கி, காசில்லாம எடுங்க எண்டு கரையில வச்சது. அவர்ட பேரை வெட்டிப்போட்டு உங்கட பேரை ஒட்டினதுக்கு எவ்வளவு கூலி?"

"ஆதாரம் இருக்கோ?"

அவள் போனைத் திறந்து மேசையில் வைத்தாள். குசினி, முட்டை, உப்புத் தண்ணீர், வாத்தியாரின் பெயர். பக்கத்தில் இருந்த அவன் கம்பியூட்டரிலேயே அவன் விற்ற பாடத்தைப் போட்டாள். அதே முட்டை, அதே தண்ணீர், மூலையில் இன்பாஸ். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

தர்சிகா, "சேருக்குத் தடிமன் போல. கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லுங்க" என்றாள். வரிசையில் ஒரு தகப்பன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடி கையில் மடித்து வைத்திருந்த காசைச் சட்டைப் பைக்குள் திருப்பிப் போட்டார். அவருக்குப் பின்னால் நின்ற ஒரு தாய் கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

இன்பாஸ் அந்தச் சத்தத்தைக் கேட்டான். "ஹாஜியார், வெளிய போய்க் கதைப்பம்."

"வெளிய மழையும் இல்ல, வெயிலும் இல்ல. இஞ்சதான் வாங்கினீ, இஞ்சேயே தா."

"பாதி தாறன். பென்ட்ரைவுக்குக் காசு போனது."

"பென்ட்ரைவ் உங்கட மேசையில இருக்கு, சேர்" என்றாள் சுஹைரா.

வரிசையில் இன்னும் இரண்டு பேர் படி இறங்கினார்கள். அவன் மேசையின் லாச்சியை இழுத்துத் திறந்தான். கட்டாக எடுத்து என்னிடம் நீட்டினான். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என்னிட்ட வாங்கினீயோ?" என்றேன்.

சுஹைரா கையை விரித்து நீட்டினாள். ஊசி குத்திக் குத்திக் கறுத்த விரல்கள். அவன் கட்டை அப்படியே வைக்கப் பார்த்தான்.

"எண்ணி வைங்க."

அவன் எண்ணினான். முதல் இரண்டு ஐயாயிரம் தாளும் சத்தமில்லாமல் விழுந்தன. மூன்றாவதில் பல்கீஸ் சுஹைராவின் தோளோடு தோள் ஒட்டி வந்து நின்று, தானே சத்தமாக எண்ணத் தொடங்கினாள். பதினைந்து, இருபது, இருபத்தைந்து. பதினாலு ஐயாயிரம் வைத்து அவன் நிறுத்தினான். சுஹைராவின் கை மூடவில்லை. லாச்சிக்குள் மறுபடியும் கையை விட்டு, கசங்கின ஆயிரம் ஒன்றை எடுத்து வைத்தான். பிறகு இன்னொன்று.

"எழுபத்திரண்டு" என்றாள் பல்கீஸ்.