ஸ்கந்தபுரம் முதல் பஸ்ஸின் இரண்டு ஹோர்ன்

நான் பஸ் ஓட்டிய காலம் முழுவதிலும் என்மேல் வந்த முறைப்பாடு ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது மூன்று பக்கம். டிப்போ மனேச்சர் அதை வாசித்து முடிக்க முன்னமே அவருடைய தேத்தண்ணி ஆறிப்போனது.

"விடியக்காலமை ஆரின்ரையோ வீட்டு வாசல்ல ரெண்டு தரம் ஹோர்ன் அடிக்கிறியாம். என்ன, மாமியார் வீடோ?" என்று கேட்டார்.

மாமியார் வீடில்லை, இராசாத்தியின் வீடு. சின்னப் பிள்ளைகள் மூன்று பேரோடு ஸ்கந்தபுரத்தில் தனியாக இருந்தவர். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, அதுவும் தற்காலிகம். ஏற்கெனவே இரண்டு நாள் பிந்திப் போய்விட்டார். இன்னொரு நாள் பிந்தினால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"அண்ணை, போன் கிணத்துக்குள்ள விழுந்திட்டுது. எழுப்ப ஒருத்தருமில்லை. நீங்கள் கடைசித் தரிப்புக்குப் போகேக்க ஒருக்கா ஹோர்ன் அடிச்சு விடுங்கோ. திரும்பி வரேக்க றோட்டில நிப்பன்" என்றார்.

எனக்கு என்ன குறைந்துபோகிறது? ஒன்று கேட்காவிட்டால் என்று இரண்டாக அடித்தேன்.

அங்கேதான் பிழை வந்தது. ஒரு மாதத்துக்குள் அந்த றோட்டே என் ஹோர்னுக்கு எழும்பத் தொடங்கியது. ஒருவர் அதைக் கேட்டுப் பால் கறந்தார். நான் ஐந்து நிமிடம் பிந்திய ஒரு நாள், "உங்களாலதான் என்ர புட்டுப் பிந்தினது" என்று ஒரு அம்மா கண்டக்டரைப் பிடித்து ஏசினார். இளைப்பாறிய கணக்கு மாஸ்ரர் ஒருவருக்கு மட்டும் அது தலையிடி. மூன்று பக்கமும் அவர் எழுதியதுதான்.

இனி அங்கே ஹோர்ன் அடிக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். கோபக் கொதியில் இராசாத்திக்குச் சொல்ல மறந்துபோனேன்.

மறுநாள் சத்தமில்லாமல் போய்த் திரும்பி வந்தால், றோட்டில் இராசாத்தி இல்லை. பஸ்ஸை நிறுத்தினேன்.

"அண்ணை, அடியுங்கோவன்!" என்றான் கண்டக்டர்.

"ஹோர்ன் அடிக்கமாட்டன் எண்டுதான் எழுதினனான். கத்தமாட்டன் எண்டு எழுதேல்லை!"

இறங்கி வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு, "இராசாத்தீ! எழும்பு பிள்ளை!" என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்களும் யன்னலால் தலையை விட்டுக் கத்தினார்கள். ஊர் நாய்களும் மயில்களும் சேர்ந்துகொண்டன. தலையை அள்ளி முடிந்தபடி இராசாத்தி ஓடிவந்து ஏறினார்.

பின்னால் இன்னொருவரும் ஓடிவந்தார். ஒரு கையில் அவிழ்ந்த சாரம், மறுகையில் கிளினிக் கொப்பி. கணக்கு மாஸ்ரர்!

"ஏனடாப்பா ஹோர்ன் அடிக்கேல்லை? கிளினிக்குக்கு நம்பர் எடுக்கவேணும், நித்திரையாப் போனன்!"

"நீங்களெல்லோ மாஸ்ரர் எழுதிப் போட்டனீங்கள்!"

"எழுதினனான்தான். அதுக்காக உடனை நிப்பாட்டுறதே?"

இராசாத்தி நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். மாஸ்ரர் பஸ் குலுங்கக் குலுங்க மனேச்சருக்கு இன்னொரு கடிதம் எழுதினார். "அடிச்சுத் துலை" என்றார் மனேச்சர்.

பிறகு இராசாத்திக்கு வேலை நிரந்தரமாகி, பிள்ளைகளோடு ஆஸ்பத்திரிக்குக் கிட்டவே குடிபோய்விட்டார். நானும் இளைப்பாறிவிட்டேன். போன மாதம் அதே பஸ்ஸில் பயணியாகப் போனேன். இப்போது பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டுக்கு முன்னால் புதுச் சாரதி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான்.

"ஏன் தம்பி அடிக்கிறாய்?"

"தெரியாதண்ணை. அடிக்காட்டி ஊர்ச்சனம் ஏசும்."

எனக்குச் சந்தோசத்தில் அழுகையே வந்துவிட்டது.

புதிதாக ஸ்டியரிங் பிடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யாருக்காவது ஒரு நாள் இரங்கி ஹோர்ன் அடித்தால், பென்சன் எடுக்கும்வரை அடிக்க வேண்டிவரும். பரவாயில்லை, அடியுங்கள்.