குடைக்காரி கெடுத்த படம்

எழுபதுகளில் ஜெர்மனிக்குப் போனபோது, ஃபுல்டா நகரத்துப் பழைய பேராலயத்தின் பரோக் பாணி முகப்பை ஆளில்லாமல் படமெடுக்க மழையில் காத்து நின்றேன். சரியாக அழுத்தும் நேரத்தில் ஒரு கிழவி குடையோடு குறுக்கே வந்து கெடுத்தாள்.

சிட்னி திரும்பியதும், அதே ஊரில் பிறந்த பக்கத்து வீட்டு ஹில்டா அன்ரிக்குப் ஸ்லைட் படங்களைச் சுவரில் பெரிதாக விழுத்திக் காட்டினேன். இரட்டைக் கோபுரம், குவிமாடம், பளிங்குப் பீடம் எதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. எனக்கு எரிச்சல் ஏறியது.

குடைக்காரி வந்ததும், "அது பழுதாப்போன படம், மற்றதைப் போடுங்கோ," என்றாள் மனைவி.

"வேண்டாம்," என்று அன்ரி எழுந்து சுவரருகே போனார். "எங்கள் ஊர்க் காற்றுக்கு இப்படித்தான் குடையைச் சாய்த்துப் பிடிப்போம். கோபுரங்கள்தான் அஞ்சலட்டையிலும் வருகின்றனவே."

அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை, இப்போது என்மேல். அன்று முழுக்க, மனிதர்கள் விலகட்டும் என்றல்லவா காத்து நின்றேன்!