ரெஹானா அக்கா வாஷ்பேசினைக் கழற்றிய நாள்

என் அக்கா ரெஹானா, குக்கர் விசில் அடிக்கும்போது அடுப்படியில் நிற்கமாட்டாள். கம்பம் மெயின் ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால், வேறு யாராவது கடக்க வரும்வரை காத்திருந்து அவர்களோடு ஒட்டிக்கொண்டு போவாள். வயது நாற்பத்திரண்டு. காலேஜ் படிக்கிற மகள் இருக்கிறாள். இன்னும் இடி இடித்தால் வீட்டுச் சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டுக் கட்டிலில் ஏறிக்கொள்வாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அக்காவுக்கு இருட்டே வேண்டாம், பட்டப்பகல் போதும். குடும்பமே அவளைக் கேலி செய்யும். அதிகமாகக் கேலி செய்தவள் தங்கச்சியான நான்தான்.

அப்படிப்பட்டவள் போன மாதம் பாத்ரூம் வாஷ்பேசினைக் கழற்றத் தனியாக உட்கார்ந்தாள் என்றால், அதற்கும் பயம்தான் காரணம். நான்கு நாளாகப் பேசினில் தண்ணீர் இறங்கவில்லை. பிளம்பர் கார்த்திக்ராஜ் "இந்தா வர்றேன், அந்தா வர்றேன்" என்று இழுத்தடித்துவிட்டு, கடைசியில் பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னார். அந்த நேரத்தில் அக்கா வீட்டுக்காரர் ராஜா முகம்மது மச்சான் குமுளி ஏலக்காய்க் கடையில் இருப்பார். மகளும் வீட்டில் இருக்கமாட்டாள். தெரியாத ஆம்பளையோடு தனியாக இருப்பதற்குக் குழாயைக் கழற்றுவதே மேல் என்று அக்கா முடிவு செய்தாள். பிளம்பரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று வீடியோ பார்த்தாள். பேசினுக்கு அடியில் குப்பி மாதிரித் தொங்குமே, அந்த பாட்டில் டிராப் புதிதாக ஒன்றை ஹார்டுவேர் கடையில் வாங்கி வந்தாள். பிறகு மச்சானுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, டிராப் வாங்கிட்டேன். அடிமூடியத் திருகுனா அழுக்கெல்லாம் வந்துருமாம். நானே கழட்டி மாட்டப்போறேன்."

குரலில் அப்படியொரு பெருமை. மச்சான் உட்கார்ந்திருந்த பஸ் அப்போது லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறிக்கொண்டிருந்தது.

"ரெஹானா, அதத் தொடாத! அதுக்குள்ள..." என்றார். அவள் காதில் விழும் முன்பே சிக்னல் போய்விட்டது.

அதற்குள் இருந்தது ஆசிட். விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு எழுந்த மச்சான், அக்கா தூங்கிக்கொண்டிருக்கும்போதே அரை பாட்டில் ஆசிட்டைப் பேசின் ஓட்டையில் ஊற்றியிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் அடைப்பு கரைந்துவிடும் என்று நம்பினார். அடைப்பு இன்னும் இருக்கிறது என்றால் ஆசிட்டும் அங்கேயேதான் நிற்கிறது. அடிமூடியைத் திருகுகிறவள் தரையில் உட்கார்ந்து, முகத்தை அண்ணாந்துகொண்டுதான் திருகியாக வேண்டும்.

மச்சான் கத்திய கத்தலில் டிரைவர் வளைவிலேயே பஸ்ஸை நிறுத்தினார். இறங்கிய மனுஷன், ஐம்பது வயதில், சர்க்கரை உடம்போடு, போனைத் தலைக்கு மேலே பிடித்தபடி மலைப்பாதையில் கீழ்நோக்கி ஓடினார். இரண்டு வளைவு தாண்டியும் சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. பின்னால் பைக்கில் வந்த குருசாமி என்பவர் இவர் ஓடுகிற கோலத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார்.

லோயர் கேம்பில் சிக்னல் வந்தது. மணி அடித்தது, அக்கா எடுக்கவில்லை. பைக்கின் பின்னால் உட்கார்ந்தபடியே பதினோரு தடவை அடித்துவிட்டு, தேனியில் இருக்கிற என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா ஆசியா, எங்க வீட்டுப் பக்கத்துல யாரு நம்பராச்சும் வச்சிருக்கியா? பேசின்ல ஆசிட்ட ஊத்திட்டேன்மா. ஒங்க அக்காட்டச் சொல்லல. அவ இப்ப அதக் கழட்டிக்கிட்டு இருக்கா."

என்னிடம் ஒரு நம்பரும் இல்லை. ஏலக்காய் வியாபாரி நம்பர் நூறு வைத்திருக்கிற மச்சானிடமும் பக்கத்து வீட்டு நம்பர் இல்லை. நானும் அக்காவுக்கு அடித்தேன். ஒவ்வொரு மணியும் அடித்து ஓயும்போது அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் கிடப்பதாகவே எனக்குத் தோன்றியது. யா அல்லாஹ், அவள் கண்ணைக் கொடு, இனி ஜென்மத்துக்கும் கேலி பண்ணமாட்டேன் என்று அழுதேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, தெருவுக்குள் நுழையும்போது மச்சான் மறுபடி என்னைக் கூப்பிட்டார். "வந்துட்டேன்மா" என்றவர் போனை அணைக்க மறந்துவிட்டார். படியேறுகிற சத்தம் கேட்டது. கதவு. "ரெஹானா! ரெஹானா!" பதில் இல்லை. ஒரு இருமல் கேட்டது.

"செருப்போட வராதீக. இங்கன தரையெல்லாம் ஈரமாக் கெடக்கு."

மச்சான் வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் கேட்டதே இல்லை.

"கண்ணு? கண்ணுல படலையே?"

"எப்படிப் படும்? மூடியத் திருகுனா கரப்பான் பறந்து மூஞ்சில விழுந்துருமோன்னு ஒங்க ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டுல்ல உக்காந்தேன். மழைக்கோட்டு, ரப்பர் கையுறை, எல்லாந்தான். அதான் போனும் எடுக்க முடியல. பொசுக்குன்னு கொட்டுச்சு. ஹெல்மெட்டுக் கண்ணாடில தெறிச்சு ஒழுகுச்சு. தரை நுரைச்சுப் பொங்கவும்தான் ஆசிட்டுன்னு தெரிஞ்சுச்சு. ஜன்னலத் தொறந்துவிட்டு, வாளி வாளியாத் தண்ணிய ஊத்துனேன்."

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். கரப்பானுக்குப் போட்ட ஹெல்மெட்!

"பெறகுதான் புதுசு மாட்டுனேன். பாருங்க, ஒரு சொட்டு ஒழுகல" என்றாள். குழாயைத் திறந்து காட்டினாள் போல, தண்ணீர் தடையில்லாமல் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடினாள்.

"ஆமா, ஏன் எங்கிட்டச் சொல்லாம ஊத்துனீக?"

மச்சான் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"ஆசிட்டுன்னு சொன்னா நீ பயப்படுவ. அதான்..."

அக்கா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சத்தம்கூடப் போடவில்லை.

"என்னையப் பயப்பட விட்டுருக்கலாம்ல?" என்றாள்.