மலாய்த் தோட்டத்தில் குமரக்கோட்டத்தான் என்னைப் பேச வைத்தது

அன்பர்கள் மன்னிக்க வேண்டும். பஜனையில்கூடக் கடைசி வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைக்கிறவன் நான். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுதத் தகுதி இல்லை. ஆனாலும் எங்கள் ஊர்க் குமரக்கோட்டத்து முருகன் செய்ததைச் சொல்லாமல் வைத்திருக்கப் பயமாக இருக்கிறது.

1918-ல் யுத்தம் முடிந்த சமயம். பட்டு நூல் வரத்து குறைந்து, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தறி எட்டு மாதம் சும்மா கிடந்தது. மலாய் நாட்டுக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியிடம் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, நானும் என் மனைவி தனமும் கப்பல் ஏறினோம்.

எங்கள் தெருவில் முதலாளியிடம் தாம்பூலம் வாங்கிவிட்டால், ஏற்றின பாவு நூலை முழுக்க நெய்து முடிக்காமல் தறியை விட்டு எழ மாட்டோம். அந்த வழக்கத்தையே அங்கும் கொண்டுபோனேன். அதுதான் என் தவறு.

ரப்பர் தோட்டம் சதுப்பு நிலத்தை ஒட்டி இருந்தது. ஆடியில் தனத்துக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஐப்பசியில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை.

"இங்கயே வச்சிருந்தா பொழைக்க மாட்டாங்க. மேட்டுப் பக்கம் கூட்டினு போயிடுங்க" என்றார் மருந்து கொடுப்பவர்.

கங்காணியிடம் ஓடினேன். அவரும் நம் ஊர்ப் பக்கம்தான்.

"பாக்கு வாங்கினு வந்தியேப்பா, மறந்துட்டியா? பாதியில போனீன்னா போலீசு புடிக்கும்."

நம்பினேன். மரத்தில் பால் வெட்டிக்கொண்டே அழுவேன். திரும்பி வரும்போது அவள் மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்ப்பேன். கார்த்திகை மாதத்துக் கிருத்திகையன்று பட்டினி கிடந்தேன். "குமரக்கோட்டத்தானே, இந்தத் தாம்பூலக் கட்டை நீ அவிழ். இல்லையென்றால் எங்கள் இருவரையும் சேர்த்து எடுத்துக்கொள்" என்று வேண்டினேன்.

அன்று பிற்பகல் அரிசிக்காக ஆபீசு முற்றத்தில் நின்றிருந்தேன். திடீரென்று மழை கொட்டியது. கூச்சத்தால் ஒருநாளும் ஏறாத வராந்தாவில் ஏறி ஒதுங்கினேன். அங்கே சுவரில், தமிழில், சர்க்கார் நோட்டீசு. ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டு எந்தக் கூலியாளும் வேலையை விட்டுப் போகலாம் என்று போட்டிருந்தது. மூன்று முறை படித்தேன். 

தனத்திடம் சொன்னேன். அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே வாயத் தொறக்கல. தொரைகிட்ட தொறந்துடுவீங்களாக்கும்?"

விடிந்ததும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை முன் நின்றேன். கணக்கு எழுதும் ஆபீசு கிராணி என் பேச்சை இங்கிலீஷில் சொன்னார். கங்காணி குறுக்கே வந்து பாக்குப் பேச்சை எடுத்தார்.

"வாங்கினது நெசந்தாங்க. பாவுன்னா ஒருநாள் அறுத்து எறக்கலாம். இந்தக் காட்டுல அறுக்கிற நாள் எது, நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அது என் நாக்கு அல்ல.  துரை என் பெயரையும் தேதியையும் புத்தகத்தில் எழுதச் சொல்லி, ஒரு மாதம் கழித்துப் போகலாம் என்றார்.

மேட்டுத் தோட்டத்துக்குப் போனபின் தனம் தேறினாள். பிறகு ஊர் திரும்பினோம். இன்று கிருத்திகைதோறும் குமரக்கோட்டத்துக்கு என்னோடு நடந்தே வருகிறாள். யாராவது கப்பலேறப் போவதாகக் கேள்விப்பட்டால், கூச்சத்தை விட்டு அவர்கள் வீட்டுக்கே போய் அந்த நோட்டீசைச் சொல்லிவிட்டு வருகிறேன். கதியற்று நிற்கிறவர்களே, அவனைக் கேளுங்கள். ஏறாத படியில் ஏற வைப்பான்.

ஆனால் அன்று, துரை புத்தகத்தில் பெயர் எழுதின மறுநாளும், வழக்கம்போல் பால் வெட்டப் போனேன். தனத்துக்குக் காய்ச்சல் விடவில்லை. முப்பது நாளில் அது முதல் நாள்.